கை கறுக்காமல், தரை வழுக்காமல்: வீட்டிலேயே கார் ஆயில் மாற்றுவது

முதல்முறை நான் காருக்கு ஆயில் மாற்றியபோது வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தரையைத் துடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. எஞ்சினின் அடியில் பழைய ஆயிலை இறக்குவதற்காக இருக்கும் டிரெயின் போல்ட்டுக்கு நேர் கீழே தட்டை வைத்துவிட்டுக் கழற்றினேன். ஆயில் கீழே விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சியடித்து, தட்டைத் தாண்டித் தரையில் போய் விழுந்தது. தட்டை இழுத்து நகர்த்துவதற்குள் அரை லிட்டராவது போயிருக்கும்.

அதற்குப் பிறகு பலமுறை மாற்றிவிட்டேன். ஆயில் சிந்தும் இடங்கள் ஐந்தாறுதான், ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் அதே இடங்கள்தான். போல்ட் கழலும் நொடி, ஃபில்டர் தளரும் நொடி, தட்டைத் தூக்கும் நேரம், புது ஆயில் ஊற்றும் நேரம், பழைய ஆயிலை கேனுக்கு மாற்றும் நேரம். ஒவ்வொன்றிலும் ஆயில் எந்தப் பக்கம் ஓடும் என்பதை முன்னாலேயே யோசித்து ஏற்பாடு செய்துவைத்தால், துடைக்க ஒரு துணி போதும்.

முதலில் புத்தகத்தைப் பாருங்கள்

காரோடு வந்த கையேட்டில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: ஆயிலின் தரம், அளவு. தரம் என்பது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று டப்பாவில் போட்டிருக்கும் எண். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண், சூடானபின் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் சொல்கிறது. எது நல்லது என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம், கையேட்டில் இருப்பதையே வாங்குங்கள். சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 லிட்டர் வரை பிடிக்கும். ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால் எவ்வளவு, மாற்றாவிட்டால் எவ்வளவு என்று சில கையேடுகளில் இரண்டு அளவு இருக்கும். நமக்கு வேண்டியது ஃபில்டரோடு சேர்ந்த அளவு. டிரெயின் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது சில கையேடுகளில் இருக்கும், இல்லாவிட்டால் அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் கிடைக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

தட்டுதான் முக்கியம். காரில் 4 லிட்டர் ஆயில் இருந்தால் 4 லிட்டர் தட்டு போதும் என்று நினைக்காதீர்கள். விளிம்புவரை ததும்பும் தட்டைக் காருக்கு அடியிலிருந்து சிந்தாமல் இழுக்கவே முடியாது. இரண்டு மடங்கு பிடிக்கும் தட்டாக, அகலமாக, ஒரு மூலையில் ஊற்றுவதற்கு மூக்கு வைத்ததாகப் பாருங்கள்.

அதோடு டிரெயின் போல்ட்டுக்குச் சரியான அளவு ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். 14, 17 மில்லிமீட்டர் போல்ட்டுகள் பரவலாக இருக்கும், சிலவற்றில் ஆலன் சாவி கேட்கும். வாய் திறந்த ஸ்பேனர் வேண்டாம்; அது போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும். புது ஃபில்டர், போல்ட்டுக்குப் புது வாஷர், ஃபில்டர் கழற்றும் பட்டை, புனல், நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, வேஸ்ட் துணி, பெரிய பிளாஸ்டிக் பைகள் இரண்டு, இவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே படுத்த நிலையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆயில் ஒழுகிக்கொண்டிருக்கும்போது துணி தேடி எழுந்து போனால், கறுத்த கைத்தடம் கதவுவரை போகும்.

தரையில் முதலில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் பரப்புங்கள். அட்டை ஆயிலை உறிஞ்சும், அதையும் தாண்டினால் பிளாஸ்டிக் தடுக்கும். வெறும் பிளாஸ்டிக்கை மட்டும் விரித்தால் விழுந்த ஆயில் அதன்மேல் ஓடி நம் முதுகுக்கே வந்து சேரும். செய்தித்தாள் உடனே ஊறிக் கிழிந்துவிடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

காரைத் தூக்குவது

இதில் மட்டும் அவசரமே கூடாது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு. தாங்கி நிற்பதற்கு ஸ்டாண்ட் வேண்டும். சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து (ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில்), பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கையேடு காட்டும் இடத்தில் தூக்கி, ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். அடியில் போவதற்கு முன் பக்கத்திலிருந்து காரை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. முன் சக்கரங்களை ஏற்றிவிடும் சாய்தளம் இருந்தால் புதியவர்களுக்கு அது இன்னும் எளிது.

சில கார்கள் தரையிலிருந்து போதிய உயரத்தில் இருக்கும், தூக்காமலே கை எட்டும். அப்படியானால் தூக்கவே வேண்டாம்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும்

குளிர்ந்த ஆயில் மெதுவாக, இழைந்து இழைந்து இறங்கும். இப்போதுதான் ஓட்டி வந்த காரின் ஆயில் கையைப் பொசுக்கிவிடும், தெறிக்கவும் செய்யும். எஞ்சினை நான்கைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்தால் சரியான பதம் வரும். காரைத் தூக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

நான் தவறாமல் செய்யும் இன்னொன்று: நிறுத்தியதும் கார் சாவியை எடுத்துப் புது ஆயில் டப்பாவின் கைப்பிடியில் கட்டிவிடுவேன். ஆயில் ஊற்றாமல் யாரும், நானே மறதியாகக்கூட, எஞ்சினை இயக்கிவிட முடியாது.

மேலே, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, எடுக்காமல் அப்படியே வாய்மேல் வைத்திருங்கள். உள்ளே காற்றுப் போக வழி கிடைத்தால் ஆயில் விட்டுவிட்டுக் குபுக்கென்று வராமல் சீராக இறங்கும். மூடி மேலேயே இருப்பதால் தூசியும் விழாது.

சரியான போல்ட்தானா?

புதியவர்கள் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிவிடுவது நடக்கக்கூடிய தவறு. இரண்டுக்கும் கீழே போல்ட் இருக்கும், இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எஞ்சின் ஆயில் சம்ப் எஞ்சினின் அடியில், கிண்ணம் போல இருக்கும். அதன் அடியிலோ பக்கத்திலோ ஒரு போல்ட். கையேட்டிலோ சர்வீஸ் புத்தகத்திலோ உள்ள படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கழற்றும்போது ஆயில் சிவப்பாகவோ கண்ணாடி போலத் தெளிவாகவோ வந்தால் உடனே போல்ட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அது எஞ்சின் ஆயிலாக இருக்க வாய்ப்பில்லை.

அடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் முழுதாகக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது. போல்ட்டுக்கு நேராகச் சின்ன ஜன்னல் வைத்த கவர்களும் உண்டு. அந்த வழியாக வேலை செய்தால் சிந்தும் ஆயில் கவருக்குள் தங்கி, அடுத்த ஒரு வாரத்துக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சினில்தான் ஒழுகலோ என்று பயந்துபோவோம்.

போல்ட் கழலும் நொடி

போல்ட்டின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம்தான் ஆயில் பாயும். தலை காரின் பின்பக்கம் பார்த்தால் ஆயில் பின்பக்கம் போகும். சம்ப் நிறைந்திருக்கும்போது மேலேயுள்ள ஆயிலின் அழுத்தத்தால் வளைந்து தூரப் போய் விழும். மட்டம் குறையக் குறைய அந்த வளைவு சுருங்கிச் சுருங்கி உள்ளே வரும். கடைசியில் சம்ப்பின் சுவரை ஒட்டியே வழிந்து சொட்டும். ஆக, தட்டு இந்த முழுத் தூரத்தையும் பிடிக்க வேண்டும். தட்டின் மூன்றில் ஒரு பங்கு போல்ட்டுக்குப் பின்னாலும், மீதி ஆயில் பாயும் பக்கமும் இருக்குமாறு வையுங்கள். போல்ட் நேர் கீழே பார்த்தால் தட்டுக்குச் சுலபம், நம் கைக்குத்தான் கஷ்டம்.

கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் ஆயில் பறக்கும், விழும் இடத்தில் தெறிக்கவும் தெறிக்கும். தட்டுக்கு அடியில் அசையாத ஒரு மரப்பலகையைக் கொடுத்து உயர்த்தினால் இரண்டும் குறையும். காற்றடிக்கும் நாளில் வெளியில் வைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கடைசியில் நூல் போல வரும் ஆயிலை லேசான காற்றுகூட ஓர் அடி தள்ளிக்கொண்டு போய்விடும்.

இப்போது போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, ஸ்பேனரைப் போடுங்கள். தலையை நேருக்கு நேர் பார்த்தபடி இடப்பக்கமாகச் சுற்றினால் தளரும். படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போது திசை குழம்பும். கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. முதல் அரைச் சுற்றுக்குத்தான் ஸ்பேனர், அதற்குமேல் கையாலேயே சுற்றுங்கள்.

சுற்றும்போது போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். எல்லா மரையும் கழன்ற பிறகும் அந்த அழுத்தத்தால் போல்ட் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு சொட்டுதான் கசியும். கடைசி மரை விட்டதை விரல் உணர்ந்ததும், ஒரே வீச்சில் போல்ட்டை ஆயில் பாயாத பக்கமாக விலக்குங்கள். தயங்கித் தயங்கி எடுத்தால் ஆயில் போல்ட்டிலும் விரலிலும் பட்டு நாலா பக்கமும் சிதறும். உண்மையில் இந்த ஒரு அசைவைச் சரியாகச் செய்தாலே பாதி அழுக்கு குறைந்துவிடும். போல்ட் கையில் இல்லாமல், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு மூன்று தடவை கையை எப்படி விலக்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

முழங்கை மணிக்கட்டைவிடத் தாழ்ந்திருந்தால் ஆயில் கை வழியே அக்குள்வரை வரும். முடிந்தவரை கையைப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். கையுறையின் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துவிட்டால், வழியும் ஆயில் அந்த மடிப்பில் தங்கிவிடும்.

போல்ட் தட்டுக்குள் விழுந்துவிட்டதா? பதற வேண்டாம், எல்லோருக்கும் விழும். கையை விட்டுத் துழாவாமல், ஆயில் முழுவதும் இறங்கியபின் ஒரு காந்தத்தால் எடுத்துக்கொள்ளலாம். வாஷர் செம்பு அல்லது அலுமினியம் என்றால் காந்தத்தில் ஒட்டாது. பழைய வாஷரைக் கணக்குப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

பதினைந்து, இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். சொட்டு சொட்டாக வரும் நிலையில் போதும், கடைசித் துளிக்காகக் காத்திருந்து பயனில்லை. பிறகு ஓட்டையைச் சுற்றித் துடைத்து, புது வாஷரோடு போல்ட்டைக் கையாலேயே ஏற்றுங்கள். இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போக வேண்டும். கடினமாக இருந்தால் மரை மாறிப் பிடிக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். அலுமினிய சம்ப்பில் மரை கெட்டுப்போனால் செலவு பெரிதாகும். எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்குங்கள். பல கார்களில் அது 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். முழு பலத்தையும் போட்டு இறுக்க வேண்டிய போல்ட் இது இல்லை.

ஃபில்டர்

என் அனுபவத்தில் போல்ட்டைவிட அதிகம் அழுக்காக்குவது ஃபில்டர்தான். அதற்குள் கால் லிட்டர் வரைகூட ஆயில் தேங்கியிருக்கும். தளர்ந்ததும் ரப்பர் வளையத்தின் ஓரமாகக் கசிந்து, டப்பாவின் உடம்பு முழுக்க வழியும்.

திருகி மாட்டும் டப்பா வகை ஃபில்டர் என்றால், தட்டை அதற்குக் கீழே நகர்த்திவிட்டு, பட்டையால் பிடித்துக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை ஃபில்டர் மேல் உறை போல மாட்டி, பைக்கு வெளியிலிருந்தே கையால் மெல்லச் சுற்றுங்கள். கசிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு நிமிடம் பைக்குள்ளேயே வடியவிடுங்கள். அப்புறம் முழுக்கக் கழற்றினால் ஃபில்டர் ஆயிலோடு பைக்குள் விழும். பையை முடிச்சுப் போட்டுத் தட்டில் வைத்துவிடலாம்.

படுக்கைவாட்டில் மாட்டியிருக்கும் ஃபில்டர் என்றால் இது மட்டும் போதாது. அதற்குக் கீழே இரும்புச் சட்டமோ ஒயரோ இருக்கும், ஆயில் அதன்மேல் பரவி ஒளிந்துகொள்ளும். அலுமினியத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, வாய்க்கால் போல வளைத்து ஃபில்டரின் வாய்க்குக் கீழே செருகுங்கள். மறுமுனை தட்டைப் பார்த்திருக்கட்டும். நீளவாக்கில் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலும் இதற்கு உதவும். ஃபில்டரின் அடியில் ஓட்டை போட்டு முதலில் வடித்துவிடுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. ஓட்டை போட்டபின் ஃபில்டர் கழலவில்லை என்றால் காரை அங்கிருந்து ஓட்டவும் முடியாது. புதியவர்களுக்கு அது வேண்டாம்.

கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில சமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதியதை மாட்டினால் இரட்டை வளையம் ஆகி, எஞ்சின் ஓடியதும் ஆயில் பீறிட்டு வெளியே வந்துவிடும். எஞ்சினே போய்விடக்கூடிய தவறு இது.

ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துடைத்து, புது வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் மாட்டுங்கள். வளையம் எஞ்சினைத் தொட்டபின் முக்கால் சுற்று என்பது பொதுவான அளவு. உங்கள் ஃபில்டர் மேல் அச்சிட்டிருப்பதே முடிவு. இறுக்குவதற்குப் பட்டை கூடாது. வாய் மேல்நோக்கி நிற்கும் ஃபில்டரில் முன்னதாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி மாட்டலாம், மற்றவற்றில் ஊற்றினால் மாட்டும்போதே கொட்டிவிடும்.

பல புதிய கார்களில் டப்பாவுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும். அது எஞ்சினின் மேல்பக்கம் இருந்தால், டிரெயின் போல்ட்டைத் தொடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அந்த மூடியைத் தளர்த்திவிடுங்கள். தேங்கிய ஆயில் தானாக சம்ப்புக்கு இறங்கிவிடும். ஃபில்டரோடு வரும் புது ஓ-ரிங்கை (மூடியின் ரப்பர் வளையம்) மாற்ற மறக்க வேண்டாம். எவ்வளவு இறுக்குவது என்பது பெரும்பாலும் அந்த மூடியிலேயே பொறித்திருக்கும்.

புது ஆயில்

தட்டை வெளியே இழுத்து ஓரமாக வைத்து, போல்ட்டும் ஃபில்டரும் மாட்டியாயிற்றா என்று இன்னொருமுறை குனிந்து பாருங்கள். பிறகு எஞ்சினில் ஆயில் ஊற்றும் வாயைச் சுற்றித் துணி கட்டி, புனல் வையுங்கள்.

டப்பாவின் மூக்கு ஓரத்தில் இருக்கிறதல்லவா, அந்த மூக்கு மேல்பக்கம் இருக்கும்படி டப்பாவைப் பிடித்து ஊற்ற வேண்டும். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் அப்படிப் பிடித்தால் ஆயில் வெளியே வரும்போதே காற்று உள்ளே போகும், குபுக் குபுக்கென்று துள்ளாமல் நாடா போல இறங்கும்.

மொத்த அளவில் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் ஊற்றி மூடியைப் போடுங்கள். எஞ்சினை இயக்கினால் ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அரை நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று குனிந்து போல்ட்டையும் ஃபில்டரையும் பாருங்கள். நிறுத்தியபின், காரைச் சமதளத்துக்கு இறக்கி, ஐந்து பத்து நிமிடம் கழித்து ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் வித்தியாசம் இருக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேல்கோட்டை எட்டுங்கள். அதைத் தாண்டக் கூடாது. அதிகமானால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைத்த ஆயில் எஞ்சினைக் காக்காது.

அடியில் போக விருப்பமில்லை என்றால்

டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய குழலை விட்டு ஆயிலை மேலிருந்தே உறிஞ்சி எடுக்கும் கைப்பம்புகள் கிடைக்கின்றன. ஃபில்டரும் மேலேயே இருக்கும் காருக்கு இதுதான் மிகச் சுத்தமான வழி. சில கார்களில் குழல் சம்ப்பின் அடிவரை போகாது. எடுத்த ஆயிலை அளந்து பார்த்தால் எவ்வளவு தங்கிவிட்டது என்று தெரியும். இல்லையென்றால் டிரெயின் போல்ட் இருந்த இடத்தில் சின்ன வால்வு ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திக்கொள்ளலாம். அடுத்தமுறை ஒரு குழாயைச் செருகித் திறந்தால் ஆயில் நேராக கேனுக்கே போய்விடும். தரையில் இடிபடாத உயரத்தில் வால்வு இருக்குமா என்று முதலில் பாருங்கள்.

பழைய ஆயில்

புது ஆயில் வந்த காலி டப்பாக்களே பழையதை ஊற்றிவைக்கச் சரியானவை. பெரிய புனலை வைத்து, தட்டின் மூக்கு வழியாக மெதுவாக ஊற்றுங்கள். கீழே அந்த அட்டை இன்னும் இருக்கட்டும். ஃபில்டரை வாய் கீழாகத் தட்டில் கவிழ்த்து ஒரு நாள் முழுதும் வடியவிடுங்கள். டப்பாவின் மேல் 'பழைய ஆயில்' என்று எழுதி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிலோ மறுசுழற்சி மையத்திலோ கொடுத்துவிடுங்கள். கூலன்ட், பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் இதில் கலக்க வேண்டாம். கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள்.

சாக்கடையிலோ மண்ணிலோ ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். 1 லிட்டர் பழைய ஆயில் 10 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

தரையில் சிந்தியிருந்தால் தண்ணீரை அடிக்காதீர்கள், பரவத்தான் செய்யும். மரத்தூளைக் கொட்டிக் காலால் தேய்த்து, சில மணி நேரம் விட்டுக் கூட்டி அள்ளுங்கள். மிச்சக் கறைக்குச் சோப்புத்தூளைக் குழைத்துப் பூசிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெட்ரோலால் கழுவ வேண்டாம். பழைய ஆயில் தோலில் அடிக்கடி, நீண்ட காலம் படுவது தோல் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும். கையுறையை வற்புறுத்தியது அதற்காகத்தான்.

கடைசியாக, போல்ட்டையும் ஃபில்டரையும் சுற்றித் துடைத்து உலர்த்திவிட்டு, காருக்கு அடியில் சுத்தமான ஓர் அட்டையை இரவு முழுக்கப் போட்டுவையுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் அதே அட்டையின் ஓரத்தில் குறித்துவிடலாம். காலையில் அட்டை காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. சொட்டு இருந்தால், அது போல்ட்டுக்கு நேர் கீழே இருக்கிறதா, ஃபில்டருக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கே மட்டும் மறுபடி கை வையுங்கள்.